பன்னாடையும் பாஞ்சாலங்குறிச்சியும்

எட்டாவது படிக்கும்போது எங்க கணக்கு வாத்தியார் என்னை நாளைக்கு ஒரு தடவையாவது "பன்னாடை"ன்னு கூப்பிடுவார். அப்ப அது வெறும் திட்டு. இப்ப அதே பன்னாடையைத் தேடி ஒரு கோணிப்பையோட கறம்பக்குடி சுத்துவட்டாரத் தோப்புகள்ல மத்தியான வெயில்ல அலையறேன். விதி யாரை விட்டுது :-)

டவுன்லயே பிறந்து வளர்ந்தவங்களுக்காக: தென்னை மட்டை மரத்தோட ஒட்டுற இடத்துல சல்லடை மாதிரி பழுப்பா ஒண்ணு சுத்தியிருக்கும் பாருங்க, அதான் பன்னாடை. சில ஊர்ல சில்லாட்டைன்னு சொல்வாங்க. கள்ளு வடிகட்டுறதுக்கு ஒரு காலத்துல உபயோகமாச்சு. நல்லதை கீழ விட்டுட்டு கசடைப் பிடிச்சு வச்சுக்கும்ங்கறதால அது திட்டா மாறிடுச்சு. எனக்கு அது எதுக்குன்னா, முள்வேலி செய்ய. எந்த முள்வேலி? 1801ல பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சுத்தி இருந்த முள்வேலி. ஒரு இஞ்சுக்குப் பன்னிரண்டு அடி கணக்குல.

ஆமாங்க, மேசை மேல போர் விளையாடுற கோஷ்டி நான். சின்னச் சின்ன பொம்மைச் சிப்பாய், தாயக்கட்டை, அளவு நாடா, கூடவே மலை, ஆறு, கோட்டை, ஊர். வெளிநாட்டுல இதுக்குன்னே பெட்டி பெட்டியா ரெடிமேடா விக்கிறாங்க. அந்தப் பெட்டி கப்பல் ஏறி, கஸ்டம்ஸ் கட்டி, நம்ம ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள சொத்தை எழுதிக் கேக்கும். அதனால நமக்கு வாய்ச்சது குப்பைதான். தெர்மாகோல், தீஞ்சு போன ட்யூப்லைட் சோக், பழைய கேசட்டோட பல்சக்கரம், ரீஃபிள் முனை, சட்டைப் பட்டன், குடைக்கம்பி. இதையெல்லாம் ஒட்டி நிலம் செய்யறதுதான் இந்தப் பொழுதுபோக்குல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. விளையாடுறது கூட அப்புறம்தான்.

இதுக்கு ஒரு நல்ல வரலாறு இருக்கு. அதைச் சொல்லிட்டு கோட்டைக்கு வர்றேன்.

போர் விளையாட்டுன்னாலே நம்மாளுங்க உடனே நெஞ்சை நிமிர்த்தி "சதுரங்கம் நம்மளுது"ம்பாங்க. சரிதான். யானை, குதிரை, தேர், காலாள்னு நாலு அங்கம். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அந்தப் பலகையில படை இருக்கு, நிலம் இல்லை. மேடு கிடையாது, பள்ளம் கிடையாது, சேறு கிடையாது. எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி. பாட்டு எழுதுறதுக்கே நிலத்தை அஞ்சாப் பிரிச்சு, குறிஞ்சிக்கு இன்ன மரம், பாலைக்கு இன்ன பறவைன்னு கணக்கு வச்ச ஆளுங்க நாம. நம்ம மண்ணுல ஆடின ஆட்டத்துல மட்டும் நிலத்தை மறந்தது எப்படின்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம். (ஆடுபுலி ஆட்டத்தை வேணா கொஞ்சம் விதிவிலக்கா சொல்லலாம். அதுல புலி எந்தப் புள்ளியில நிக்குதுங்கறது முக்கியம். கோயில் தரையில வெட்டி வச்சிருக்கற அந்தக் கோடுகளைப் பார்த்தா எனக்கு மலையும் வழியும் மாதிரிதான் தெரியும்.)

சதுரங்கத்துக்கு நிலம் போட்டவர் ஜெர்மனியில ப்ரன்ஸ்விக்ல இருந்த ஹெல்விக்னு ஒரு கணக்கு வாத்தியார். (மறுபடியும் கணக்கு வாத்தியார்!) 1780ல அவர் ஒரு ஆட்டம் வெளியிட்டார். 64 கட்டத்துக்குப் பதிலா 1666 கட்டம். மலைக்கு ஒரு நிறம், தண்ணிக்கு ஒரு நிறம், சதுப்புக்கு ஒரு நிறம்னு கட்டங்களுக்கு வர்ணம் அடிச்சார். நிலம் வந்துருச்சு, ஆனா தட்டையா வந்துச்சு.

அதை மேசை மேல நிஜமா எழுப்பினது ப்ரஷ்யாக்காரர் ரைஸ்விட்ஸ். அப்பன், மகன்னு ரெண்டு ரைஸ்விட்ஸ் உண்டு, இவர் அப்பன். பிரெஸ்லாவ்ல அதிகாரியா இருந்தவர். ஈர மணலைக் கொட்டி, அதுல மேடு பள்ளம் பண்ணி, மரத்துண்டுகளைப் படையா வச்சு விளையாடிட்டு இருந்தார். இந்த விஷயம் இளவரசர்கள் காதுக்குப் போய், அங்கேருந்து ராஜா மூணாம் ஃப்ரெடெரிக் வில்ஹெல்ம் காதுக்குப் போச்சு. ராஜா பாக்கணும்னார். நம்மாளுக்கு உதறல். ராஜாவுக்கு முன்னால போய் மண்ணுல விளையாடவான்னு யோசிச்சு, கால அவகாசம் வாங்கி, 1812ல ஒரு பெரிய மேசையே செஞ்சு கொண்டு போய் நிறுத்தினார். கிட்டத்தட்ட ஆறடிக்கு ஆறடி. உள்ள இழுப்பறை இழுப்பறையா சாமான். மேல அடுக்குறதுக்கு பிளாஸ்டர்ல வார்த்த சதுரச் சதுரமான நிலத்துண்டுகள். ஒண்ணுல சாலை, ஒண்ணுல ஆறு, ஒண்ணுல குன்று. மாத்தி மாத்தி அடுக்கினா புதுப்புது நாடு. இன்னிக்கு பெட்டியில போட்டு விக்கிறானே, துண்டு துண்டா சேர்க்கற நிலம், அதோட பாட்டன் இதுதான். பெர்லின்ல சார்லட்டன்பர்க் அரண்மனையில அதைப் பாதுகாத்து வச்சிருக்காங்க.

எனக்கு இந்தக் கதையில பிடிச்சதே அந்த வெட்கம்தான். மண்ணுல நல்லா விளையாடிட்டு இருந்த மனுஷன், பெரிய இடத்துக்குக் காட்டணும்னதும் பதறி மேசை செய்யறார். நம்ம வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்கன்னா கிழிஞ்ச பாயைச் சுருட்டி ஒளிக்கிறோமே, அதே கதை.

மகன் ரைஸ்விட்ஸ் 1824ல ஆட்டத்தைத் திருத்தி, 1:8000 அளவு வரைபடத்துல ஆடற மாதிரி விதிகள் எழுதினார். ப்ரஷ்ய ராணுவமே அதை எடுத்துக்கிச்சு. ஆனா அதோட நிலம் மறுபடி காகிதத்துக்குப் போயிருச்சு. பாவம், அந்த மகன் 1827ல தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார்.

அதுக்கு ரொம்ப முன்னாடியே ஃப்ரான்ஸ்ல வேற ஒரு கூத்து. பதினாலாம் லூயி காலத்துல, 1668ல ஆரம்பிச்சு, எல்லையில இருந்த கோட்டை ஊர்களையெல்லாம் 1:600 அளவுல மாதிரியா செஞ்சாங்க. மரம், காகிதக்கூழ், மணல், பட்டு நூல். ஊரைச் சுத்தி பீரங்கி குண்டு போற தூரம் வரைக்கும் வயலும் வரப்பும் மரமும் கூட உண்டு. எதிராளி ஒரு தடவை பார்த்துட்டா போச்சுன்னு அதை ராணுவ ரகசியமா வச்சிருந்தாங்க. அதுல பல மாதிரிகள் பாரிஸ்லயும் லீல்லயும் இன்னும் இருக்கு. படத்துல பாக்கும்போதே அந்த மரங்களைச் செஞ்சவன் கையில முத்தம் கொடுக்கணும் போல இருக்கும். ஆனா இதெல்லாம் கஜானா பணம். நம்ம கட்சி இல்லை.

நம்ம கட்சிக்குத் தலைவர் எச்.ஜி.வெல்ஸ். கால இயந்திரம் எழுதின அதே வெல்ஸ்தான். அவருக்கு முன்னாடியே புதையல் தீவு எழுதின ஸ்டீவன்சன், 1881-82 குளிர்காலத்துல ஸ்விட்சர்லாந்துல டாவோஸ்ல உடம்பு சரியில்லாம தங்கியிருந்தப்ப, மனைவியோட பையன் லாயிட் ஆஸ்போர்ன் கூடச் சேர்ந்து மாடத்துத் தரையில சாக்பீஸ்ல வரைபடம் போட்டு ஈயச் சிப்பாய்களை விட்டுப் போர் நடத்தியிருக்கார். வெல்ஸ் அதை இன்னும் ஒரு படி மேல கொண்டு போனார். ஒரு நாள் வீட்டுக்கு வந்த நண்பர் ஜெரோம் கே. ஜெரோம், சாப்பாடு முடிஞ்சதும் அங்க கிடந்த பொம்மைப் பீரங்கியை எடுத்துக் குறிவச்சு சிப்பாய் பொம்மையை அடிக்க ஆரம்பிச்சாராம். ஸ்பிரிங் வச்ச பீரங்கி, மரக்குச்சிதான் குண்டு. அங்கேருந்து பத்திக்கிச்சு. மொதல்ல நிலம் செஞ்சது எதால தெரியுமா? அலமாரியில இருந்த என்சைக்ளோபீடியா தடிப் புத்தகங்களை அடுக்கித்தான். அப்புறம் பலகைத் துண்டு, மரச் செங்கல், பலகையில ஓட்டை போட்டுச் சொருகின சுள்ளி, சாக்பீஸ் ஆறு. இதையெல்லாம் எழுதி 1913ல "லிட்டில் வார்ஸ்"னு புத்தகம் போட்டார். அடுத்த வருஷமே முதல் உலகப்போர். இந்தச் சின்னப் போரை விளையாடிப் பார்த்தவனுக்கு நிஜப் போர் எவ்வளவு முட்டாள்தனம்னு புரியும்ங்கற மாதிரி புத்தகத்துல எழுதியிருந்தார். யாரு கேட்டா.

அதுக்கப்புறம் வேகமா ஓடிடறேன். 1962ல டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் "வார் கேம்ஸ்"னு எழுதின புத்தகம், சமையல் மேசையில விளையாடுற ஒரு தலைமுறையையே உருவாக்குச்சு. பிளாஸ்டிக் மாடல் கிட்டுகள் மலிவா கிடைக்கத் தொடங்குச்சு. மிஞ்சின உதிரிகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் புதுசா ஒண்ணு செய்யற வித்தை பரவுச்சு. 1977ல வந்த ஸ்டார் வார்ஸ் படத்துல விண்கப்பல் மேல தெரியற நெளிவு சுளிவு அம்புட்டும் டாங்கி, கப்பல், விமானக் கிட்டுகள்ல இருந்து பிய்ச்சு ஒட்டினது. கேம்ஸ் வொர்க்‌ஷாப் கம்பெனி 1987ல வார்ஹாமர் 40,000 கொண்டு வந்தப்ப கூட, விக்கிறதுக்கு அவங்ககிட்டயே வண்டி அவ்வளவா இல்லை. அவங்க பத்திரிகையிலயே டியோடரன்ட் டப்பாவுல இருந்து மிதக்கும் டாங்கி செய்யறது எப்படின்னு சொல்லிக் கொடுத்தாங்க. இன்னிக்கு அதே கம்பெனி விக்கிற விலையைப் பார்த்தா அந்த டப்பாதான் ஞாபகம் வருது.

சரி, நம்ம ஊர்ல இதெல்லாம் உண்டான்னா, பேரு வேற, வேலை ஒண்ணுதான். கொலுவுல பார்க் கட்டுவாங்களே! புதுக்கோட்டையில சொந்தக்காரங்க குடியிருந்த தெருவுல ஒரு டீச்சர் வீட்டுக் கொலு. படியில பொம்மை அடுக்குறது பெரியவங்க வேலை. கீழ தரையில பார்க் போடுறது பசங்க வேலை. நாலு நாளைக்கு முன்னாடியே கேழ்வரகும் கடுகும் தெளிச்சு விட்டா நவராத்திரிக்குப் பச்சைப்பசேல்னு வயல். உடைஞ்ச முகம்பாக்குற கண்ணாடி குளம். ஓரத்துல மணல் போட்டு மறைச்சுட்டா கரை. தீப்பெட்டி வீடு, ஐஸ் குச்சி வேலி. எங்க பள்ளிக்கூடத்துல கிறிஸ்துமஸ் குடிலுக்கு பழுப்புக் காகிதத்தைக் கசக்கி மலை செய்வோம். கசக்குறதுல ஒரு பதம் இருக்கு. ரொம்பக் கசக்கினா துணி மாதிரி தொங்கிடும், கம்மியா கசக்கினா பொட்டலம் மாதிரி தெரியும். இன்னிக்கு வரைக்கும் பாறை செய்ய எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி அதுதான். அப்புறம் குரும்பையும் ஈர்க்குச்சியும் வச்சுத் தேர் செஞ்சது, நுங்குக் கூந்தல்ல வண்டி செஞ்சது. உதிரி பாகத்துல பொருள் செய்யறதுக்கு வெள்ளைக்காரன் புத்தகம் எதுக்கு நமக்கு?

எங்க தெருவுல ஒரு ரிட்டயர்டு ஹவில்தார் இருந்தார். ராணுவத்துல மணல் மாடல்னு ஒண்ணு உண்டு. தாக்குதலுக்கு முன்னாடி அந்த இடத்தைத் தரையில மண்ணால செஞ்சு, சுத்தி உக்கார வச்சு, யார் எங்க போகணும்னு காட்டுவாங்க. ரைஸ்விட்ஸ் ராஜாவுக்குக் காட்ட வெட்கப்பட்ட அதே மண்! அவர்தான் எனக்கு மரத்தூள்ல பச்சைச் சாயம் ஏத்திப் புல் செய்யக் கத்துக் கொடுத்தார். சாயத்தைச் சுடுதண்ணியில கரைச்சு, தூளைப் போட்டு ஊறவிட்டு, பிழிஞ்சு நிழல்ல காயவைக்கணும். வெயில்ல போட்டா வெளுத்துரும். பாதைக்குச் சுண்ணாம்புப் பொடி, ஆத்துக்கு நீலப் பொடி. "நிலத்தை முதல்ல படிக்கணும் தம்பி, எதிரியை அப்புறம் பாத்துக்கலாம்"ம்பார்.

இனி கோட்டைக்கு வருவோம்.

போன வருஷம் லீவுக்கு வந்த அக்கா பையன், ஆறாவது முடிச்சவன், கேட்டான். "மாமா, எப்பப் பாத்தாலும் நெப்போலியனையே விளையாடுறீங்களே, கட்டபொம்மனை விளையாடலாமா?" எனக்கு சுருக்குன்னுச்சு. வாட்டர்லூவுல எந்தப் பண்ணை வீடு எந்த மேட்டுக்குக் கீழ இருந்துச்சுன்னு தெரியும். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எவ்வளவு நீளம்னு கேட்டா தெரியாது.

என் மண்டையில இருந்த கோட்டை 1959ல வந்த சினிமாக் கோட்டை. சிவாஜி கணேசன் நடந்து வர்ற கல் மண்டபம், பெரிய தூண், உசரமான மதில். யுத்தக் காட்சிகளை ஜெய்ப்பூர்ப் பக்கம் போய் எடுத்தாங்கன்னு படிச்சப்ப "அதானே"ன்னு தோணுச்சு. பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனா இப்ப நிக்கிறது 1974ல தமிழ்நாடு அரசு கட்டின நினைவுக் கோட்டை. அதுவும் ஒரு வகையில முழு அளவுல செஞ்ச மாடல்தான், தப்பா எடுத்துக்காதீங்க. நிஜக் கோட்டையை 1801லயே கம்பெனிக்காரன் தரைமட்டமாக்கிட்டான்.

நிஜக் கோட்டை எப்படி இருந்துச்சுன்னு சொல்றது அதை அடிச்சவங்கள்ல ஒருத்தர். ஜேம்ஸ் வெல்ஷ், கம்பெனிப் படை அதிகாரி. 1801 முற்றுகையில கூடவே இருந்தவர், 1830ல தன் ராணுவ நினைவுகளைப் புத்தகமா போட்டார். (சின்ன மருது தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் சொல்லிக் கொடுத்தார்னு எழுதினதும் இவர்தான்.) அவர் கணக்குப்படி கோட்டை ஒழுங்கில்லாத நீள்சதுரம். சுமார் 500 அடிக்கு 300 அடி. முழுக்க முழுக்க மண்ணு, கெட்டியா ஒட்டிப் பிடிக்கிற மண்ணு. சுவர் பன்னிரண்டு அடி உசரம். சின்னச் சின்ன சதுரக் கொத்தளங்கள். சுத்தி முள்வேலி. அவ்வளவுதான். தூணும் கிடையாது மண்டபமும் கிடையாது.

படிச்சதும் எனக்கு மொதல்ல ஏமாத்தமா இருந்துச்சு, நெசமாத்தான் சொல்றேன். 500 அடிங்கறது எங்க ஊர்க் கடைத்தெருவுல ஒரு முனையில இருந்து கொஞ்ச தூரம் நடந்தா முடிஞ்சு போற அளவு. இதுக்காடா இத்தனை வசனம்னு நெனச்சேன். அப்புறம் கணக்குப் போட்டு மேசையில வைக்க ஆரம்பிச்சதும்தான் மரியாதை வந்துச்சு.

1:144ன்னு அளவு எடுத்தேன். ஒரு இஞ்சுக்குப் பன்னிரண்டு அடி. சுவர் சரியா ஒரு இஞ்ச். கோட்டை 42 இஞ்சுக்கு 25 இஞ்ச். எட்டுக்கு நாலு பிளைவுட்ல கச்சிதமா உக்காருது. மனுஷன் அரை இஞ்சுக்கும் கொஞ்சம் கம்மி. தீக்குச்சியை மூணாக் கிள்ளினா மூணு ஆளு. தலைக்கு ஒரு கடுகு, ஃபெவிகால்ல. ஒரு குச்சி இருபது பேருக்குச் சமம்னு வச்சுக்கிட்டோம். பீரங்கிக் குழலுக்கு ரீஃபிள் முனை, சக்கரத்துக்குப் பழைய கைக்கடிகாரத்துப் பல்சக்கரம். கம்பெனியோட துப்பாக்கிக்கு ஓரளவு குறி பாத்து அடிக்கிற தூரம் நூறு கஜம்னா, மேசையில 25 இஞ்ச். பெரிய பீரங்கியை நியாயமான தூரத்துல வைக்கணும்னா மேசை பத்தலை, பக்கத்துல நாற்காலி போட்டு அதுல வச்சோம் :-)

மொதல்ல சுவரை தெர்மாகோல்ல செஞ்சேன். அவசரத்துல ஃபெவிக்விக் போட்டு ஒட்டினேன். சொய்ங்னு கரைஞ்சு கொத்தளத்துல ஓட்டை. (ஸ்ப்ரே பெயின்ட்டும் அப்படித்தான் தின்னும். மொதல்ல ஃபெவிகாலும் மணலும் கலந்து ஒரு பூச்சுப் பூசிட்டுத்தான் மத்ததெல்லாம்.) சரி, மண் கோட்டையை மண்ணுலயே செய்வோம்னு எங்க ஊர் செம்மண்ணைக் குழைச்சுச் செஞ்சேன். பார்க்க ஜோரா இருந்துச்சு. திருநெல்வேலிக்கார நண்பர் ஒருத்தர் போட்டோவைப் பார்த்துட்டுச் சிரிச்சார். "யோவ், அது கரிசக்காடு. நீர் புதுக்கோட்டையில கோட்டை கட்டியிருக்கீர்." மானம் போச்சு. அவரே பஸ்ல ஒரு பை கரிசல் மண் கொடுத்தனுப்பினார். கரிசல் காயும்போது சுருங்கி வெடிக்கும். அதனால மரத்தூளும் ஃபெவிகாலும் சேர்த்துப் பிசைஞ்சு, நிழல்ல ஒரு வாரம் ஈரத்துணி போட்டு மூடி, மெதுவா காயவிட்டேன். அப்பவும் மூணு இடத்துல வெடிப்பு. அதை மூடாம விட்டுட்டேன்.

காய்ஞ்சப்புறம் அக்கா பையன் கோலிக்குண்டால அடிச்சுப் பார்த்தான். தெர்மாகோல் சுவர் உடைஞ்சு பறந்துருக்கும். இது குண்டை உள் வாங்கிக்கிச்சு, ஒரு குழி விழுந்துச்சு, அவ்வளவுதான். அப்பத்தான் எனக்கு 1799ம் 1801ம் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. 1799 செப்டம்பர் 5ஆம் தேதி மேஜர் பானர்மேன் வந்து அடிச்ச அடியில இந்தக் கோட்டை விழலை. கம்பெனி அதிகாரிகள்தான் செத்தாங்க. பெரிய பீரங்கிக்கு ஆள் அனுப்பிக் காத்திருந்தப்ப, கட்டபொம்மன் ராத்திரியோட ராத்திரியா வெளியேறிட்டார். அக்டோபர் 16ல கயத்தாறுல தூக்கு. கோட்டையை இடிச்சாங்க. 1801 பிப்ரவரி 2ஆம் தேதி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில இருந்து தப்பி வந்து, இடிச்ச கோட்டையைச் சில நாள்லயே மறுபடி எழுப்பிட்டார். கல் கோட்டையா இருந்தா முடியுமா? காலடி மண்ணை எடுத்துக் குழைக்கிற கோட்டைங்கறதாலதான் முடிஞ்சுது. மார்ச் 31ல மெக்காலே அடிச்சுப் பார்த்துத் தோத்தார். (கல்வித்திட்டம் போட்ட மெக்காலே இல்லை, இவர் காலின் மெக்காலே.) கிட்டத்தட்ட ரெண்டு மாசம் காத்திருந்து, கர்னல் அக்னியு பெரிய பீரங்கிகளோட வந்து, மே 24ல தான் கோட்டை விழுந்துச்சு. ஒரு இஞ்ச் சுவர்! பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்துல வெள்ளைக்காரங்க கல்லறை இன்னிக்கும் இருக்கு.

முள்வேலிதான் கடைசி வரைக்கும் தொல்லை. பாத்திரம் தேய்க்கிற ஸ்க்ரப்பரை பிய்ச்சு வச்சா புதர் மாதிரி இருக்கு, முள் மாதிரி இல்லை. அப்பத்தான் பன்னாடை. பிரிச்சு, ரெண்டு இழை நெட்டுக்குத்தலா வர்ற மாதிரி வெட்டி, தண்ணி கலந்த ஃபெவிகால்ல முக்கி (ரெண்டு சொட்டு விம் லிக்விட் விட்டா நல்லா ஊறும்), சாம்பல் நிறம் அடிச்சு, காய்ஞ்ச பிரஷ்ல வெளிர் பழுப்பை மேலாக்க ஒத்தி எடுத்தா... கையை வச்சா குத்தும்னு தோணும். 2018 நவம்பர்ல கஜா அடிச்சதுல எங்க பக்கம் தென்னை விழுந்து கிடந்த கோலம் தெரியும்ல. விழுந்த மரத்துல பன்னாடையைக் கையால எட்டிப் பிடிக்கலாம். அப்ப அதைத் தொட யாருக்கும் மனசு வரலை. இப்ப புதுசா வச்ச கன்னுகள் வளர்ந்து பன்னாடை விடுது.

மரத்துக்கு வந்தப்ப இன்னொரு குட்டு வாங்கினேன். தெக்கத்திப் பொட்டல்னாலே நமக்கு சீமைக்கருவேலம்தானே? நுரைப்பஞ்சுல இருபது மரம் செஞ்சு நட்டுட்டேன். அப்புறம் பார்த்தா அது இந்தியாவுக்கே வந்தது 1877ல. கட்டபொம்மன் சீமைக்கருவேலத்தைக் கண்ணால பார்த்திருக்க மாட்டார்! எல்லாத்தையும் பிடுங்கிட்டு, குடை விரிச்ச மாதிரி தலை தட்டையா இருக்குற உடைமரமும், நடுநடுவுல பனையும் வச்சேன். பனைக்குப் பூந்துடைப்பக் குச்சி, உச்சியில காக்கிக் காகிதம் வெட்டின விசிறி.

ரெண்டு ஆட்டம் ஆடினோம். பையன் ஊமைத்துரை, நான் கம்பெனி. ரெண்டுலயும் எனக்கு சரியான அடி. ரொம்ப சந்தோஷம் அவனுக்கு. மூணாவதா 1799 செப்டம்பர் கடைசியை ஆடலாம்னேன். கட்டபொம்மன் தப்பிச்சு வடக்க வந்து காட்டுல ஒளிஞ்சிருக்கற கட்டம். மேசையில கரிசலைச் சுரண்டிட்டு எங்க ஊர்ச் செம்மண்ணைக் கொட்டினோம். "காட்டுக்கு தைலமரம் வைக்கலாம் மாமா"ன்னான். அதுவும் அப்ப இங்க இல்லைடான்னு சொல்லிப் புரிய வச்சு, முந்திரியும் அப்ப வேணாம்னு எடுத்துட்டு, கண்மாயும் பாறையும் குத்துச் செடியுமா ஒரு திருக்களம்பூர் செஞ்சோம். பொன்னமராவதிப் பக்கம் இருக்கு அந்த ஊர், நம்ம மாவட்டம்தான்.

"இங்க நான் யாரு மாமா?"

"தொண்டைமான் ஆளுங்க."

"அவங்க என்ன செய்வாங்க?"

சொன்னேன். புதுக்கோட்டை ராஜா விஜயரகுநாத தொண்டைமானோட ஆளுங்கதான் கட்டபொம்மனைப் பிடிச்சு கம்பெனிக்கிட்ட கொடுத்தாங்கன்னு. அவன் மூஞ்சி மாறிருச்சு. "அப்ப நம்ம ஊர்க்காரங்க எந்தப் பக்கம்?"

புதுக்கோட்டைக்காரனா வெளியூர்ல படிச்சவனுக்கு இந்தக் கேள்வி புதுசில்லை. ஹாஸ்டல்ல யாராவது ஒருத்தன் "காட்டிக் கொடுத்த ஊருடா நீ"ன்னு விளையாட்டாச் சொல்வான். நான் ஐம்பது வருஷத்துக் கணக்கை இழுப்பேன். 1750கள்ல திருச்சி முற்றுகையில தொண்டைமான் கம்பெனிக்குத் தானியம் அனுப்பினதுல இருந்தே அவங்க கூட்டாளி, சுத்தி தஞ்சாவூர், ஆற்காடு, மைசூர், இதுல ஒரு சின்ன சீமை பிழைக்கணும், பாளையக்காரங்களுக்குள்ளயே ஒத்துமை இருந்துச்சா, அப்படி இப்படின்னு. எல்லாம் நிஜம்தான். ஆனா அந்தப் பையன்கிட்ட அதைச் சொல்லும்போது வாய் கூசுச்சு. ஏன்னா மேசையில தெளிவாத் தெரியுது. கட்டபொம்மன் பக்கம் நாலே நாலு தீக்குச்சி. அவங்களைச் சுத்தி எங்க செம்மண்.

சரின்னு ஆட்டத்துக்கு விதி எழுதினேன். பிடிச்சுக் கொடுத்தா தொண்டைமானுக்கு இவ்வளவு புள்ளி, விட்டுட்டா கம்பெனி படை புதுக்கோட்டைக்குத் திரும்பலாம், அதுக்குத் தாயக்கட்டை உருட்டணும். நிஜத்துல 1803ல கீழாநிலைக்கோட்டைப் பகுதி தொண்டைமானுக்குக் கிடைச்சதையும் சொன்னேன். அதுக்கு வருஷம் ஒரு யானை கப்பம்னு நிபந்தனை, ஆனா கம்பெனி அந்த யானையை வாங்கவே இல்லை, 1836ல அதையும் ரத்து பண்ணிட்டாங்கன்னு.

பையன் ரொம்ப நேரம் தாயக்கட்டையைக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தான். அக்கா சாப்பிடக் கூப்பிட்டுட்டே இருக்கு. அப்புறம் கேட்டான்.

"அந்த யானையை இப்பவே கொடுத்துட்டு, இவங்களை விட்டுடறோம்னு சொல்ல முடியாதா மாமா?"

"டேய், அது 1803டா. இது 1799."

"பரவால்ல. யானை ஒண்ணு செஞ்சு வைங்க. எதுக்கும் இருக்கட்டும்."

ஊருக்குப் போயிட்டான். தாயக்கட்டை இன்னும் உருட்டலை, நாலு தீக்குச்சியும் பாறைக்குப் பின்னால அப்படியே நிக்குது. முழுப் பரீட்சை லீவுக்குத் திரும்ப வருவான். யானைக்கு உடம்பு ரெண்டு குரும்பை, கால் ரீஃபிள் துண்டு, காது பன்னாடை. தும்பிக்கைக்குத்தான் சரியா எதுவும் அமையலை. பழைய ஹெட்ஃபோன் வயரை உரிச்சுப் பார்த்தேன், ரொம்ப வழவழன்னு இருக்கு. தெரிஞ்சவங்க யாராவது ஐடியா சொல்லுங்கப்பா.